எழுதி வைக்காத சொத்து யாருக்கு?

சென்னை போயஸ் தோட்டத்து வேதா நிலையம் 1967இல் நடிகை சந்தியா வாங்கிய வீடு. பிறகு அவருடைய மகள் ஜெயலலிதாவின் வீடாகி, தமிழக அரசியலின் முகவரியாகவே ஆகிப்போனது. 2016 டிசம்பர் 5 அன்று ஜெயலலிதா மறைந்தார். ஆறு முறை முதல்வராகப் பதவியேற்றவர், எத்தனையோ ஆயிரம் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவர். தனக்குப் பின் இந்த வீடு யாருக்கு என்று எழுதிய உயில் மட்டும் இல்லை.

அதன் பிறகு நடந்தது ஐந்தாண்டு இழுபறி. வீட்டை நினைவில்லமாக்க அரசு முடிவு செய்தது. அதற்கென்று அவசரச் சட்டம் வந்தது. இழப்பீடாக 67.9 கோடி ரூபாயை அரசு நீதிமன்றத்தில் கட்டியது. இன்னொரு பக்கம், மறைந்த அண்ணன் ஜெயக்குமாரின் பிள்ளைகள் தீபாவும் தீபக்கும் வாரிசுரிமை கோரினார்கள். மணமாகாத, பிள்ளையில்லாத, தாய் தந்தையும் இல்லாத ஒரு பெண்ணின் சொத்து அவருடைய தந்தையின் வாரிசுகளுக்குப் போகும் என்பது இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன்படி 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை வாரிசுகளாக அறிவித்தது. அரசு வீட்டைக் கையகப்படுத்தியது செல்லாது என்று 2021 நவம்பரில் மற்றொரு தீர்ப்பு வந்தது. டிசம்பரில்தான் வீட்டுச் சாவி தீபா, தீபக் கைக்கு வந்தது. ஜெயலலிதாவின் விருப்பம் இதுவாகவே இருந்திருக்கலாம், வேறாகவும் இருந்திருக்கலாம். எழுதி வைக்காததால் அது யாருக்கும் தெரியாமலே போய்விட்டது.

அவருடைய அரசியல் ஆசான் எம்.ஜி.ஆர். உயில் எழுதியவர். ராமாவரம் தோட்டத்தில் இன்று இயங்கும் பேச்சு, செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளியும், தியாகராய நகரில் நினைவில்லமாக இருக்கும் அவருடைய வீடும் அந்த உயிலின் விளைவுகள். உயில் இருந்தும் அவர் சொத்துகள் மீது வழக்குகள் வராமல் இல்லை. ஆனால் அவர் என்ன நினைத்தார் என்பதில் சந்தேகம் இல்லை. அந்தப் பள்ளி நடக்கிறது.

பெரிய இடத்து வழக்குகள் செய்தித்தாளில் வருகின்றன. சாதாரணக் குடும்பத்துச் சிக்கல் தாசில்தார் அலுவலகத்து வராந்தாவிலும், சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் பத்திர எழுத்தர் கடையிலும், கீழமை நீதிமன்றத்து வாய்தாக்களிலும் சத்தமில்லாமல் கரைகிறது. வீட்டில் இதைப் பேச முடியாது என்பதுதான் முதல் தடை. மகன் பேச்செடுத்தால், "நான் எப்பப் போவேன்னு பார்த்துக்கிட்டு இருக்கியா?" என்பார் அப்பா. மகள் எடுத்தால், "கட்டிக் கொடுத்தாச்சு, இன்னும் என்ன கணக்கு?" என்பார்கள். மருமகள் எடுத்தால் சொல்லவே வேண்டாம். ஆகவே எல்லாரும் பேசாமல் இருக்கிறார்கள், "நம்ம பிள்ளைங்க அடிச்சுக்க மாட்டாங்க" என்ற நம்பிக்கையில். அந்த நம்பிக்கை பல வீடுகளில் பலிக்கவும் செய்கிறது. ஆனால் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாத வீட்டிலும் சட்டம் தன் பாட்டுக்கு ஒரு பங்கு போடுகிறது. அந்தப் பங்கு, வீட்டில் யாரும் மனத்தில் வைத்திருந்த பங்காக இருப்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோயம்புத்தூரில் நாற்பத்திரண்டு வயது இளைஞர்... இல்லை, குடும்பஸ்தர். இந்து. சொந்தச் சம்பாத்தியத்தில், வங்கிக் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீடு. மனைவி, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள், ஊரில் அப்பா, அம்மா, ஒரு தம்பி. இவர் உயில் எழுதாமல் திடீரென்று இறந்துவிட்டால் வீடு யாருக்கு? "மனைவிக்குத்தான், வேறு யாருக்கு?" என்றுதான் பலரும் சொல்வார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மனைவி, மகன், மகள், தாய் நால்வரும் முதல் வகை வாரிசுகள். ஆளுக்குக் கால் பங்கு. தந்தை இரண்டாம் வகையில் இருப்பதால் அவருக்கு ஒன்றும் கிடையாது.

தாய்க்குப் பங்கு போவதில் தவறில்லை. முதுமையில் மகனை இழந்த தாய்க்கு அது நியாயமும்கூட. சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. சில ஆண்டுகள் கழித்து அந்தத் தாயும் உயில் எழுதாமல் போனால், அவருடைய கால் பங்கு அவர் கணவருக்கும் இளைய மகனுக்கும் இறந்துபோன மூத்த மகனின் பிள்ளைகளுக்கும் பிரியும். ஆக, கடனைக் கட்டி முடித்த மருமகள், தான் குடியிருக்கும் வீட்டில் கொழுந்தனோடு பங்குதாரர் ஆகிறார். அதற்கு முன்பே வீட்டை விற்றுவிட்டு ஊர்ப்பக்கம் போகலாம் என்று அவர் நினைத்தாலும் லேசில் முடியாது. பிள்ளைகள் இருவரும் மைனர்கள். மைனரின் பங்கை இயற்கைப் பாதுகாவலரான தாய் விற்பதற்கும் நீதிமன்ற அனுமதி வேண்டும். இங்கே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாரும் நல்லவர்களாக இருந்தும் இத்தனை அலைச்சல். "என் வீடு என் மனைவிக்கு முழுவதுமாக" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டு, இரண்டு சாட்சி வைத்திருந்தால் இந்தப் பங்குப் பிரச்சினை எழுந்தே இருக்காது.

பூர்வீகச் சொத்தின் கதை வேறு. பெண்ணுக்கும் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டார்கள். அது தமிழ்நாட்டில் சட்டமாக அறுபது ஆண்டுகள் ஆயின. 1989இல் கொண்டுவந்த மாநிலத் திருத்தம், அன்றைக்கு மணமாகாமல் இருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பிறப்புரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் மத்திய அரசின் திருத்தம், மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை நாடு முழுவதும் எடுத்துவிட்டது. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று பதினைந்து ஆண்டுகள் நீதிமன்றங்கள் மாறி மாறிச் சொன்னதை, "தேவையில்லை" என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறையாகப் பதிவு செய்து முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் கலைக்க முடியாது.

சட்டம் இத்தனை தூரம் வந்துவிட்டது. ஆனால் பல ஊர்களில் நடைமுறை இன்னும் விடுதலைப் பத்திரத்தில்தான் நிற்கிறது. அப்பா காலமான பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு, அக்கா தங்கைகளைக் காரில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கூட்டிப் போவார்கள். "சும்மா ஒரு கையெழுத்து" என்பார்கள். அது சும்மா இல்லை. அவர்கள் பங்கு முழுவதும் போகிற கையெழுத்து. விரும்பி விட்டுக்கொடுப்பது அவரவர் உரிமை. என்ன மதிப்புள்ளதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும்: பூர்வீகச் சொத்து முழுவதையும் தன் இஷ்டப்படி உயில் எழுத எந்த அப்பாவுக்கும் அதிகாரம் இல்லை. அதில் தன் பங்கை மட்டும் எழுதலாம். சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். பிள்ளைகளை விட்டுவிட்டுக் கோயிலுக்கு எழுதினாலும் செல்லும்.

பெண்களின் சொத்து விஷயத்தில் சட்டம் காட்டும் முகம் இன்னும் விநோதமானது. 1955இல் மணமான ஒரு பெண். மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். பிறந்த வீட்டில் படிக்க வைத்தார்கள். வேலைக்குப் போனார், தனியாகவே வாழ்ந்தார், வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் கணிசமான பணம் சேர்த்தார். 1996இல் உயில் எழுதாமல் இறந்தார். அவருடைய தாய் பணத்தைக் கேட்டு நீதிமன்றம் போனார். கணவரின் உறவினர்களும் வந்தார்கள், நாற்பது ஆண்டுகளாகத் திரும்பிக்கூடப் பார்க்காதவர்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2009இல் வந்த தீர்ப்பு: பணம் கணவரின் வாரிசுகளுக்கே. இந்துப் பெண் உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சம்பாத்தியம் முதலில் பிள்ளைகளுக்கும் கணவருக்கும், அவர்கள் இல்லையென்றால் கணவரின் வாரிசுகளுக்கு, அவர்களும் இல்லாதபோதுதான் தாய் தந்தைக்கு என்கிறது சட்டம். பரிதாபத்தை வைத்துச் சட்டத்தை வளைக்க முடியாது என்று நீதிபதிகள் கை விரித்துவிட்டார்கள். பெற்றோரிடமிருந்து வந்த சொத்தாக இருந்தால், பிள்ளையில்லாதபோது அது பிறந்த வீட்டுப் பக்கமே திரும்பும். படித்து, உழைத்து, தானே சம்பாதித்ததற்கு அந்தச் சலுகை இல்லை.

இதே ஆணுக்கு என்றால்? பிள்ளையும் மனைவியும் இல்லாமல் இறக்கும் ஆணின் சொத்து மனைவியின் உறவினர்களுக்குப் போவதே இல்லை. இந்தப் பாகுபாடு அரசியலமைப்புக்கு எதிரானது என்ற வழக்குகள் நடந்துகொண்டிருக்கின்றன. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் பெண்களைப் பார்த்து, குறிப்பாக இந்துப் பெண்களைப் பார்த்து, தாமதிக்காமல் உயில் எழுதிவிடுங்கள் என்று வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. சட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம் என்பதாகவே அதை எடுத்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளம் வாங்கும் மகள்கள், தனியாக வாழும் பெண்கள், பிள்ளையில்லாத தம்பதியர் ஆகியோருக்கு உயில் மற்றவர்களைவிட அவசரம்.

மற்ற சமயத்தாருக்கு விதிகள் வேறு. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம்: உயில் இல்லாமல் கணவர் இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி இரண்டு பங்கு. முஸ்லிம்களுக்கு ஷரீஅத் முறைப்படி ஒவ்வொரு உறவுக்கும் பங்கு வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஈமச்சடங்குச் செலவும் கடனும் போக மிஞ்சுவதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வஸிய்யத் என்னும் உயில் எழுத முடியாது, மற்ற வாரிசுகள் சம்மதித்தாலொழிய. ஆனால் உயிரோடு இருக்கும்போதே ஹிபா என்னும் கொடையாக எவ்வளவும் கொடுக்கலாம், கொடுத்ததைக் கையோடு ஒப்படைத்தும் விட்டால்.

அடுத்து வருவது நாமினி. "எல்லாத்துலயும் உன் பேரைத்தான் நாமினியாப் போட்டிருக்கேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கும் கணவர்கள் ஏராளம். நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்ள அதிகாரம் பெற்றவர். வாங்கிய பணத்துக்குச் சொந்தக்காரர் அவரேதான் என்று பொருள் இல்லை. தலா 10,000 ரூபாய்க்கான இரண்டு ஆயுள் காப்பீட்டு பாலிசிகளை வைத்து ஒரு குடும்பத்தில் மாமியாரும் மருமகளும் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். மனைவி நாமினி. பணம் முழுவதும் தனக்கே என்றார் அவர். நாமினியாக இருப்பதால் மட்டும் உரிமை வராது, வாரிசுகள் எல்லாருக்கும் பங்கு உண்டு என்று 1983இல் நீதிமன்றம் சொன்னது. 2015இல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தி, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணத்தின் பலனும் அவர்களுக்கே என்று மாற்றினார்கள். ஆனால் அது காப்பீட்டோடு நின்றுவிட்டது. நிறுவனப் பங்குகள், மியூச்சுவல் ஃபண்டுகளுக்கு நாமினி வெறும் பொறுப்பாளர்தான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வங்கி வைப்புக்கும் இதே நிலைதான்.

அதற்காக நாமினி போடாமல் விடுவது பெரிய பிழை. நாமினி இருந்தால் வங்கி உடனே பணத்தைக் கொடுத்துவிடும்; குடும்பம் மூச்சுவிடும். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம், யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிப்பிடலாம். வருங்கால வைப்பு நிதி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: குடும்பம் இல்லாதபோது கொடுத்த நாமினேஷன், குடும்பம் வந்தவுடன் தானாகவே செல்லாததாகிவிடும். இருபத்து மூன்று வயதில் முதல் வேலையில் சேர்ந்த நாளில் நிரப்பிக் கொடுத்த படிவத்தை ஐம்பது வயது வரை திரும்பிப் பார்க்காதவர்கள் இன்றே பார்ப்பது நல்லது. நாமினியும் உயிலும் ஒரே பெயரைச் சொன்னால் சண்டைக்கு இடமே இல்லை. இரண்டும் வேறு வேறு பெயரைச் சொல்வதுதான் வக்கீல்களுக்குக் கொண்டாட்டம்.

நாமினியைப் போலவே மக்கள் அதிகமாக நம்பும் இன்னும் இரண்டு காகிதங்கள் உண்டு. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறந்தவருக்கு யார் யார் வாரிசு என்று மட்டும் சொல்லும். யாருக்கு எத்தனை பங்கு என்று சொல்லாது. பட்டாவில் பெயர் மாறிவிட்டால் நிலம் தன்னுடையது என்று நினைப்பதும் தப்பு. பட்டா வருவாய்த்துறையின் பதிவு, அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது என்று நீதிமன்றங்கள் சலிக்காமல் சொல்லி வருகின்றன.

சரி, உயில் எழுதுவது எப்படி? இத்தனை பெரிய காரியத்துக்குச் சட்டம் கேட்பது ஆச்சரியப்படும் அளவுக்குக் கொஞ்சம். பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும், சுயநினைவு இருக்க வேண்டும். முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாள் போதும். கையால் எழுதலாம், தட்டச்சு செய்யலாம், தமிழிலேயே எழுதலாம். எழுதியவர் கையெழுத்துப் போட, குறைந்தது இரண்டு சாட்சிகள் அதைப் பார்த்துத் தாங்களும் கையெழுத்துப் போட வேண்டும். பதிவு செய்வது கட்டாயம் இல்லை.

ஆனாலும் பதிவு செய்வது உத்தமம். பதிவு செய்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. உயில்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் தனிப் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரைத் தவிர, அவருடைய அதிகாரம் பெற்றவரைத் தவிர, வேறு யாருக்கும் நகல் தர மாட்டார்கள். வில்லங்கச் சான்றிதழ் எடுத்துப் பார்த்தாலும் அதில் உயில் வராது. படுத்த படுக்கையாக இருப்பவருக்காகப் பதிவு அதிகாரி வீட்டுக்கே வரவும் சட்டத்தில் இடம் உண்டு. மனம் மாறினால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதுதான் செல்லும், முதலாவது பதிவானதாகவும் கடைசியாக எழுதியது பதிவாகாததாகவும் இருந்தாலும்.

சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எழுபத்தைந்து வயதுக்காரர் தன் வயதொத்த இரண்டு நண்பர்களைக் கூட்டி வந்து சாட்சிக் கையெழுத்து வாங்குவார். பத்தாண்டு கழித்து உயில் நீதிமன்றத்துக்கு வரும்போது மூவருமே இருக்க மாட்டார்கள். உயிலை நிரூபிக்க, உயிரோடு இருந்தால் ஒரு சாட்சியாவது கூண்டேறிச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். ஆகவே தன்னைவிட இளையவர், எளிதில் கண்டுபிடிக்கக்கூடியவர், சொத்தில் பங்கு இல்லாதவர் ஆகிய மூன்றும் பொருந்தும் ஆளைத் தேட வேண்டும். கிறிஸ்தவர் எழுதும் உயிலில் சாட்சிக்கே சொத்து எழுதியிருந்தால் அந்தப் பகுதி செல்லாது. மற்றவர்களும் அதைத் தவிர்ப்பதே நல்லது.

சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை எதுவும் இருந்தால், உயிலைக் கொண்டுவந்தவரே அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க வேண்டும் என்று 1958இலேயே உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. நடுங்கும் கையெழுத்து, ஆஸ்பத்திரிப் படுக்கை, எல்லாச் சொத்தும் உடன் இருந்து கவனித்த ஒரே மகனுக்கு, மற்ற பிள்ளைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இவை ஒன்றுசேர்ந்தால் வழக்கு உறுதி. ஒரு பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கப் போவதில்லை என்றால், ஏன் என்பதை உயிலிலேயே எழுதிவிட வேண்டும்: "மூத்த மகளுக்குத் திருமணத்தின்போதே ஊர் நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டேன்" என்பதைப் போல. வயதானவர் என்றால் அதே நாளில் மருத்துவரிடம் வாங்கிய சான்றிதழ் பின்னால் பெரும் பலம்.

"மனைவிக்கு ஆயுள் உள்ளவரை அனுபவம், அவருக்குப் பின் மகனுக்கு" என்று எழுதும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களில் ஆழமாக ஊறியது. மனைவிக்கும் பாதுகாப்பு, மகனுக்கும் சொத்து என்று பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. இந்திய நீதிமன்றங்களில் பெண் சொத்துரிமை பற்றி எழுந்த மிகச் சிக்கலான வழக்குகளில் பல இந்த ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தவை. மனைவியின் ஜீவனாம்ச உரிமைக்கு ஈடாகக் கொடுத்த சொத்து என்றால், ஆயுள்வரை என்ற கட்டுப்பாடு உதிர்ந்து, முழு உரிமையாக மாறிவிடும் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னால் வந்த சில தீர்ப்புகள் அதைச் சுருக்கின. ஒன்றுக்கொன்று முரணான இந்தத் தீர்ப்புகளைச் சீர்செய்யப் பெரிய அமர்வு வேண்டும் என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அனுப்பி வைத்தது. அரை நூற்றாண்டாகத் தீராத குழப்பத்தை ஒரு வரியில் வீட்டுக்குள் இழுத்துவருவானேன்? மனைவிக்குக் கொடுப்பதை முழுதாகக் கொடுத்துவிடலாம். அவர் பிள்ளைகளுக்குத்தானே வைத்துவிட்டுப் போகப்போகிறார்.

உயில் வேண்டாம், இப்போதே செட்டில்மென்ட் எழுதிவிடலாம் என்பது இன்னொரு பழக்கம். கட்டணமும் ஒரு காரணம். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்ட் பத்திரத்துக்கு மதிப்பில் 1 சதவீத முத்திரைத் தீர்வை; எவ்வளவு பெரிய சொத்தானாலும் 2023 ஜூலை முதல் உச்சவரம்பு 40,000 ரூபாய்தான். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. கோடி ரூபாய் வீட்டை ஐம்பதாயிரத்தில் மகன் பெயருக்கு மாற்றிவிடலாம். ஆனால் உயிலுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. உயில் எழுதியவர் கண்மூடும் வரை வீடு அவருடையது. செட்டில்மென்டில் கையெழுத்துப் போட்ட நிமிடமே வீடு மகனுடையது. அதன் பிறகு அந்த வீட்டில் அப்பா விருந்தாளி.

விருந்தாளியை வெளியே போகச் சொன்ன பிள்ளைகள் நிறையப் பேர் இருந்ததால்தான் 2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் வந்தது. கவனித்துக்கொள்வதாகச் சொல்லிச் சொத்தை வாங்கிவிட்டுக் கைவிட்டால், அறுபது வயது கடந்தவர் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யலாம். ஆனால் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று 2022 இறுதியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் வந்த இன்னொரு தீர்ப்பு, முதியவர்களைக் காப்பதே சட்டத்தின் நோக்கம், தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எந்த நீதிபதி எப்படிப் பொருள்கொள்வார் என்று வயதான காலத்தில் காத்திருப்பதைவிட, செட்டில்மென்ட் எழுதியே தீர வேண்டும் என்றால், "என்னையும் என் மனைவியையும் ஆயுள் முழுவதும் பராமரிக்க வேண்டும், நாங்கள் இருவரும் இருக்கும்வரை இந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை எங்களுடையது" என்று பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பத்திர எழுத்தர் தன்னிடம் இருக்கும் பழைய மாதிரியைப் பார்த்து, "சர்வ சுதந்திரமாய்" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். கேட்டு எழுத வைக்க வேண்டியது எழுதிக் கொடுப்பவர் பொறுப்பு.

சென்னைக்காரர்களிடம் புரொபேட் பற்றிய பயமும் உண்டு. சென்னை, மும்பை, கொல்கத்தா நகரங்களில் இருக்கும் சொத்துக்கான உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பித்துச் சான்று வாங்கினால்தான் இந்துக்கள் அதை வைத்து உரிமை கோர முடியும் என்பது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு. பணமும் காலமும் தின்ற அந்தக் கட்டாயத்தை 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. வாரிசுகளுக்குள் தகராறு இருந்தால் நீதிமன்றம் போவது நல்லதுதான். தகராறே இல்லாத குடும்பமும் போயாக வேண்டும் என்ற நிலை மாறியிருக்கிறது. வரியைப் பற்றியும் வீண் பயம் வேண்டாம். 1953 முதல் 1985 வரை இந்தியாவில் இறந்தவர் சொத்துக்கு வரி இருந்தது. பெரும் பணக்காரர்களுக்கு 85 சதவீதம் வரை போனது. இப்போது கிடையாது. வந்த சொத்தை விற்கும்போதுதான் மூலதன ஆதாய வரி, அதுவும் அப்பா வாங்கிய விலையிலிருந்து கணக்கிட்டு.

இவ்வளவு சட்டத்தையும் பேசிவிட்டு, சட்டமே தேவைப்படாத ஒரு வேலையைச் சொல்லாமல் விட முடியாது. பத்தாண்டுகளாக யாரும் தொடாத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் ஒரு தனி நிதிக்குப் போய்விடும். 2024 மார்ச் முடிவில் அதில் கிடந்த தொகை 78,213 கோடி ரூபாய். அதில் பெரும் பங்கு, கணக்கு இருப்பதே பிள்ளைகளுக்குத் தெரியாத பணமாகத்தான் இருக்க வேண்டும். அங்கே போனாலும் அது தொலைந்துவிடாது. வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். பல வங்கிகளில் கிடக்கும் இத்தகைய கணக்குகளை ஒரே இடத்தில் தேட உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் திறந்தது. ஆனால் அப்பாவுக்கு எந்த ஊரில் எந்த நிறுவனத்தில் வைப்பு இருந்தது, யாருக்குக் கைமாற்றாகக் கொடுத்திருந்தார், லாக்கர் சாவி எங்கே, மூலப்பத்திரம் வங்கியில் அடமானமா பீரோவிலா, எந்தச் சீட்டில் எத்தனை தவணை பாக்கி, பங்குக் கணக்கு எந்த மின்னஞ்சலில் என்பதையெல்லாம் எந்த இணையதளமும் சொல்லாது. ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைத்து, நோட்டு இருக்கும் இடத்தை இரண்டு பேரிடம் சொல்லி வைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். கடனையும் அதில் எழுத வேண்டும். அப்பா வாங்கிய கடனுக்கு அவர் விட்டுப்போன சொத்தின் மதிப்பு வரைதான் பிள்ளைகள் பொறுப்பு. அவர்களுடைய சொந்தச் சம்பாத்தியத்தில் கை வைக்க முடியாது. இது தெரியாமல், துக்க வீட்டில் வந்து மிரட்டுகிறவரிடம் புதுப் புரோநோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள் உண்டு.

இறந்தவரின் கணக்கு விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் விதிகளை இன்னும் இறுக்கியது. நாமினி இருந்து, ஆவணங்கள் முழுமையாக வந்துவிட்டால் பதினைந்து நாட்களுக்குள் வங்கி பணத்தைக் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டி வடிவில் இழப்பீடு தர வேண்டும். "மேனேஜர் லீவுல இருக்கார், அடுத்த வாரம் வாங்க" என்று சொல்லும் கிளையில் இந்த விதியைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.